எரித்துப் பார்க்காமல் விற்ற இருபது விளக்குகள்

சான் ஃபெர்னாண்டோ,
டிசம்பர் 21, 1989

அன்பு மகள் தெஸ்ஸிக்கு,

ஹாங்காங் குளிரில் நீ சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விடியற்காலைப் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுதான் மூன்று நாளாக என்னிடம் இல்லை. தொலைபேசியில் சொன்னால் அழுதுவிடுவேன், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் கேட்பார்கள், அதனால் எழுதி, நாளை அங்கே விமானம் ஏறுகிற பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். தாள் ஒட்டி முடித்த நட்சத்திர விளக்கை வாசல் கம்பியில் கட்டி ஒரு முழு இரவு எரியவிட்டு, காலையில் ஒயர் நுழையும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்றால்தான் விலையே சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை தொடங்கிய பதினாறாம் தேதி நெடுஞ்சாலையில் பேருந்தை நிறுத்தி நிறுத்தி வாங்கினார்கள். வழக்கமான ஒயர் தீர்ந்துபோய், உன் அப்பா சந்தையில் கிடைத்த மெல்லிய ஒயரைக் கொண்டுவந்தார். ஒயர் வேலை செய்யும் டென்சியோ அப்போதே சொன்னார், 'அக்கா, இது நூலாட்டம் இருக்கு, ஒரு ராத்திரி எரியவிட்டுப் பாத்துட்டுக் குடுப்போம்' என்று. நான்தான், 'வாசல்ல ஆள் நிக்கிறப்ப ராத்திரிக்கு எங்க போறது, மாட்டிக் குடு' என்றேன். அப்படி இருபது விளக்குகள் போயின. மூன்றாம் நாள் பள்ளிக்கூட டீச்சர் நெனித்தா ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒயர் உருகி, தாள் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அவள் திட்டக்கூட இல்லை. 'பிள்ளைங்க தூங்குற ஜன்னல்ல கட்டியிருந்தேன்க்கா' என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே விளக்குகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிப் பலகை எழுதி வாசலில் கட்டினேன். உன் அப்பா குதித்தார். 'கிறிஸ்துமஸ் வாரத்துல நம்ம விளக்கு தீப்புடிக்கும்னு நீயே எழுதி மாட்டுவியா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு' என்றார். எதிர்க்கடை பென்ஹமின் சும்மா இருப்பானா? 'வித்ததையெல்லாம் திரும்ப வாங்குறாங்க அக்கா, புது வியாபாரம், நாமளும் கத்துக்கணும்' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். பலகையைப் பார்த்து வந்தவர்கள் போக மற்ற அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை வீடு வீடாகத் தேடிப் போய், நெனித்தாவுடையதையும் சேர்த்துப் பத்தொன்பதையும் பிடித்துவிட்டேன். ஒயரை மாற்றிக் கொடுத்தாயிற்று. இன்னும் ஒன்றுதான். அதை வாங்கியவன் மலைமேல் பாகியோவுக்குப் போகிற பேருந்திலிருந்து இறங்கி வந்தவன், பேர்கூடக் கேட்கவில்லை. 'எங்கம்மா மலையில தனியா இருக்காங்க, இருட்டுன்னா பயம், இத ராத்திரி பூரா அணைக்கவே மாட்டாங்க பாருங்க' என்றான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன், தெஸ்ஸி. அதை நினைத்தால் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. நீ பாகியோவில் படித்தவள், மலைச்சரிவில் அந்த மரவீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று உனக்குத் தெரியும். ஓட்டுநர்களிடம் சொல்லியனுப்பினேன், வானொலியிலும் சொல்லவைத்தேன், ஒரு பதிலும் இல்லை. காலைச் செய்தியில் தீ விபத்து என்று கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வானொலிப் பக்கத்தில் போய் நிற்கிறேன், ஊர் பேரைச் சொல்லும்வரை நகர்வதில்லை.

நாளை பூசை முடிந்ததும் பாகியோவுக்குப் போகிறேன். நல்ல விற்பனை நாளில் கடையை விட்டுப் போகிறாளே என்று உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு அவருடைய கம்பளிச் சட்டையை என் பையில் வைத்தார். இருபத்துநான்காம் தேதி ராத்திரி விருந்துக்கு நான் வந்துசேரவில்லை என்றால் அவர் ரொட்டியும் காப்பியுமாக உட்கார்ந்திருப்பார், நீ மறக்காமல் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு அவரோடு பேசு. தூங்கப் போகும் முன் உன் அறை ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடு. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். எனக்காகவும் வேண்டிக்கொள், எப்படி வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. நான் ஒட்டிய விளக்கை நூறு விளக்குகளுக்கு நடுவிலும் எனக்கு அடையாளம் தெரியும். இருட்டிய பிறகு மேட்டில் நின்று பார்த்தால், அது எரிந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அது எரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் போகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
எர்லிண்டா