மாமியாரும் ஒரே மிச்ச உயிரும்

ஷேடி ஃபோர்க், ஒஹையோ
அக்டோபர் 1993, ஞாயிறு மாலை

அலாஸ்காவில் கோடியாக் தீவின் குளிருக்கும் மீன் வாடைக்கும் அஞ்சாத என் செல்ல மகள் லோர்னாவுக்கு, உன் சித்தப்பா ஓரன் ஷிவெலி எழுதிக்கொள்வது. இங்கே உன் சித்தி வெர்னாவின் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம், அந்த முழங்காலும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுவதால் அதையும் சௌக்கியத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே குட்டிப் பயலுக்குக் காய்ச்சல் விட்டது, உன் வீட்டுக்காரன் வெஸ்ஸின் படகு மிதக்கிறது, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று அடுத்த தபாலில் ஒரு வரி வந்தால்தான் எங்களுக்கு இங்கே சாப்பாடு இறங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பழைய ரேஸ் வண்டிகளின் கூடுகைக்கு வர எடுத்த விமான டிக்கெட்டை நீ ரத்து செய்தது சரிதான், அதற்காக அழுததாக எழுதியிருந்தாயே அது சரியில்லை. கூரை மறுபடி ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு நாய் உன் சித்தியின் தக்காளிப் பாத்தியைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டுவிட்டது. இதெல்லாம் நீ கேட்காத சமாச்சாரம். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "மைக்குல அப்பா பேரச் சொன்னாங்களா சித்தப்பா?"

ஆகவே, மகளே, என் வலது கையை வீட்டிலேயே பெரிய ஸ்பானரின் மேல் வைத்து, கேட்பவர் எவரும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்வதாக இதனால் சத்தியம் செய்கிறேன். நீ ஏன் கேட்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பின்பக்கத்தில் 'மாமியார்' என்று மஞ்சள் எழுத்தில் பெயர் எழுதிய அந்த ரேஸ் வண்டியின் படம் பத்திரிகையில் வந்தது, படத்துக்குக் கீழே 'ஓட்டியவர்: ஸ்கிப் ஹாகவுட்' என்று போட்டிருந்தான், வெஸ் அதை உன் முன்னால் விரித்து "உங்கப்பா ஓட்டுன வண்டின்னு சொன்னியே?" என்று கேட்டான், "சித்தப்பா சொன்னாரு" என்றாய் நீ, உடனே அவன் சிரித்துவிட்டான். சிரிக்காமல் என்ன செய்வான்? ஈரி ஏரியில் நான் பிடித்த மீன் என் படகைக் கனடா வரை இழுத்துப் போய் அங்கே சுங்கச் சோதனைக்கு நிறுத்தியது என்று உங்கள் கல்யாண விருந்தில் அவனிடமே சொன்னவன் நான். உன் அப்பாவைப் பற்றி இந்த உலகத்தில் சாட்சி சொல்ல மிஞ்சியிருக்கும் ஒரே வாய் இந்த வாய்தான் என்றால் அது உன் தலையெழுத்து.

மாமியாரைப் பார்க்காதவர்களுக்கு அவளை எப்படிச் சொல்வது? பார்க்க ஒரு சாதாரண இரண்டு கதவு வண்டி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போகிற மாதிரி. மூடியைத் திறந்தால் உள்ளே ரயிலை இழுக்கிற எஞ்சின். எழுப்பிவிட்டால் போதும், ஊர் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பிப்பாள், யார் என்ன செய்தாலும் திருப்திப்பட மாட்டாள், அதனால்தான் உன் அப்பா அந்தப் பெயரை வைத்தான், உன் அம்மாவைப் பெற்ற புண்ணியவதி சாகும்வரை அவனை மன்னிக்கவில்லை. மாமியார் முதல் முறை உறுமியபோது பக்கத்துப் பண்ணையில் மாடுகள் பாலுக்குப் பதில் மோராகவே கறந்தன, மெதடிஸ்ட் சர்ச் பாதிரியாரின் பல் செட் பிரசங்கத்தின் நடுவில் கழன்று பாட்டுக்குழுவின் மடியில் விழுந்தது. புறப்படும்போது முன்சக்கரம் இரண்டும் தூக்கிக்கொள்ளும், வழியில் காக்காய்க் கூட்டம் வந்தால் உன் அப்பா ஹாரன் அடிப்பான். கால் மைல்தான் ஓட்டம், ஆனால் அவன் கோட்டைத் தாண்டி, வண்டியை நிறுத்தி, ஒரு சிகரெட் பிடித்து முடித்த பிறகுதான் எஞ்சின் சத்தம் வந்து சேரும். எம்மெட் ஷிவெலி, என் அண்ணன், வாரநாளில் ஹாகவுட் கார் விற்பனைக் கடையின் உதிரிபாகக் கவுண்டரில் நின்று போல்ட் நட் எடுத்துக் கொடுப்பான், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையின் வண்டியை ஓட்டுவான். நான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன். முதலாளி மகன் ஸ்கிப் போட்டோவுக்கு நிற்பான், அவனுக்குத்தான் பல் வரிசை நன்றாக இருந்தது. வண்டி நிற்கிற படங்களில் எல்லாம் சாய்ந்துகொண்டு ஸ்கிப், வண்டி ஓடுகிற படங்களில் எல்லாம் உள்ளே ஒரு ஹெல்மெட். சரித்திரம் என்பது அவ்வளவுதான், மகளே, நிற்கிற படத்தில் யார் இருக்கிறானோ அவனுடையது.

இனி வருவதில் கலப்படம் செய்ய எனக்குக் கை வரவில்லை. அந்தக் கிளட்சுக்கு மேல் கனமான இரும்புக் கவசம் போட வேண்டும் என்று நானும் அண்ணனும் கேட்டோம். முதலாளி, அதாவது ஸ்கிப்பின் அப்பா பெரிய ஹாகவுட், "அவ்வளவு இரும்ப எதுக்குடா சுமக்கணும்? வண்டி ஓடணுமா உருளணுமா?" என்றார். செப்டம்பர் மாத ஓட்டம் ஒன்றில் மூன்றாவது கியருக்கு மாற்றும்போது கிளட்ச் வெடித்து, வண்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு அண்ணன் காலுக்குள் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நீ அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். துக்கம் கேட்க வந்த பெரிய ஹாகவுட், "நல்ல பையன்" என்றார், அடுத்த மூச்சில், "தரைய அடைச்சுக் குடுத்துரு ஓரன், வாங்க ஒருத்தன் வர்றான்" என்றார். அந்த இடத்தில் வேறு எவன் கையும் படக்கூடாது என்று நானே கழுவி, நானே அடைத்தேன். தகடு வாங்க மனமில்லை, நாற்சந்தியில் லாரி இடித்துச் சாய்ந்து கிடந்த 'நில்' பலகையை எடுத்து, வெட்டி, எழுத்து கீழே தெரிகிற மாதிரி வைத்து வெல்டிங் செய்தேன். அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை. யாரோ வாங்கி, யாரோ கொட்டகையில் போட்டு, கோழி அடைந்து, கடைசியில் டேட்டனில் பல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் லிண்டல் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை நம் ஷேடி ஃபோர்க் பழைய ஓட்டப் பாதையில் அந்தக் காலத்து வண்டிகளின் கூடுகை. நானும் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன், வாங்கும்போது இந்தப் பாதையின் தார் பாதி என் எண்ணெயில்தான் ஊறியது என்று சொல்லிப் பார்த்தேன், சீட்டுக் கொடுத்த பெண் "கைய நீட்டுங்க" என்று முத்திரை குத்தினாள். மாமியார் கயிறு கட்டிய வேலிக்குள் நின்றாள். பக்கத்தில் நாற்காலி போட்டு டாக்டர் லிண்டல், பேண்ட்டில் மடிப்புக் கலையாத மனிதர், கெட்டவரில்லை, அதுதான் கஷ்டமே. "பெயின்ட் அசல், சீட்டு அசல், தரை அசல், ஒருத்தரும் தொட்டதில்ல" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நான், "நான் தொட்டிருக்கேன் டாக்டர், கீழ படுத்துப் பாருங்க" என்றேன். மனிதர் உண்மையிலேயே படுத்தார், டார்ச் அடித்தார், சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தைப் படித்தார். கோபம் வரும், வண்டியின் மதிப்பு போச்சு என்று கத்துவார், அப்போது அண்ணன் பெயரை மைக்கில் சொல்லவைக்க ஒரு பேரம் பேசலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். "அடேங்கப்பா! அந்தக் காலத்துலயே போட்ட ஒட்டு! இது அசலுக்கும் ஒரு படி மேல!" என்றார். ஏன் ஒட்டுப் போட வேண்டிவந்தது என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். எம்மெட் ஷிவெலி என்று பெயரையும் சொன்னேன், எழுத்துக் கூட்டியும் சொன்னேன். "ஐயையோ" என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற நேரம் வருத்தப்பட்டார், பிறகு, "அவர் வண்டியோட நிக்கிற போட்டோ ஏதாச்சும் இருக்கா?" என்றார். "அவன் நிக்கல டாக்டர், ஓட்டிக்கிட்டிருந்தான்" என்றேன். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு, "மைக்குக்காரர்கிட்ட சொல்றேன் சார், கண்டிப்பா ஏதாவது சொல்லச் சொல்றேன்" என்றார். அதை நம்பித்தான் உன் சித்தியைக் கூட்டிக்கொண்டு போய் நடு வரிசையில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்தேன்.

மதியம் மைக்குக்காரன் ஆரம்பித்தான். "அன்பான ஜனங்களே! அந்தக் காலத்துல இந்த மண்ணையே கலக்குன ஹாகவுட் கோஷ்டி! ஓட்டுனவரு நம்ம ஸ்கிப் ஹாகவுட், போன வருசம் ஃபுளோரிடாவுல காலமாயிட்டாரு! அந்தக் கோஷ்டியில ஒரே ஒரு மிச்ச உயிர்தான்! அந்த மிச்ச உயிர் இன்னைக்கு நம்ம நடுவுல வந்திருக்கு, எல்லாரும் கையத் தட்டுங்க!" டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா? நான் எழுந்தேன். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தேன். இப்போது கேள், மகளே: நாற்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுந்த காற்றில் கொடிக்கம்பம் சாய்ந்தது, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அத்தனையும் தானாக அடங்கியது, மைக்குக்காரன் முழங்காலிட்டு எம்மெட் ஷிவெலி என்று கதறினான், ஆளுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு,

இந்த இடத்தில் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த உன் சித்தி கரண்டியால் மேசையைத் தட்டினாள். "அந்தப் புள்ள கேட்டது ஒன்னே ஒன்னு. அதுலயும் போயி ரீல் விடாத ஓரன்" என்றாள். அதனால் காற்புள்ளியை அப்படியே விட்டுவிட்டு மீண்டும் தொடங்குகிறேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எல்லார் தலையும் பாதைப் பக்கம் திரும்பியது, அங்கே மாமியாரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா, கையில் பொரித்த போலோனி சாண்ட்விச், "பெரியவரே, உக்காருங்க, வண்டி மறைக்குது" என்றாள். "என்னைத்தாம்மா கூப்புட்டாங்க" என்றேன். "உங்கள இல்லைங்க, மிச்ச உயிர்னா வண்டி. பெயின்ட் மாத்தாம, அசலா மிஞ்சி நிக்கிற வண்டிய அப்படித்தான் சொல்லுவாங்க, புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்று மடியிலிருந்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் படத்தைக் காட்டினாள். வாழ்நாள் முழுக்க இந்த வண்டிகளுக்கு அடியில் கிடந்தவனுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் காலத்தில் வண்டி மிஞ்சுமா என்று யாரும் கவலைப்படவில்லை, அடுத்த வருடம் புதிது வரும், ஆட்கள் மிஞ்சினார்களா என்றுதான் எண்ணினோம்.

உட்கார்ந்திருப்பேன். ஆனால் டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், மைக்குக்காரனிடம் உண்மையிலேயே ஏதோ சொல்லியிருந்தார். "இன்னொரு ரகசியம் கேளுங்க! இவ தரையில என்ன ஒட்டு தெரியுமா? தெருவுல இருந்து எடுத்த 'நில்' பலகை! நிக்கவே தெரியாத வண்டிக்கு நில் பலகை!" என்றான், ஷேடி ஃபோர்க் முழுக்கச் சிரித்தது. உன் சித்தி என் கையைப் பிடித்தாள். நான் நின்றபடியே, தொண்டை கிழிகிற மாதிரி, "எம்மெட் ஷிவெலி!" என்று கத்தினேன். அதே நொடியில் எவனோ எஞ்சினை முறுக்கினான், நாலு வரிசைக்கு அப்பால் கேட்டிருக்காது. ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இல்லை, மகளே. மைக்கில் உன் அப்பா பெயரைச் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. வண்டி அடுத்த மாதம் ஏதோ மியூசியத்துக்குப் போகிறதாம், வண்டிக்கு முன்னால் வைக்கிற விவரப் பலகையில் ஒட்டைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிட்டார்கள், அதிலுள்ள படத்தில் ஸ்கிப்பின் பல் அப்படியே இருக்கிறது.

என் ஆசீர்வாதம் உனக்கும் குட்டிப் பயலுக்கும் அந்தச் சிரிப்புக்காரனுக்கும் என்றும் உண்டு, கடல் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும். வெஸ்ஸின் வண்டியில் பின் டயர் தேய்ந்திருப்பதாக எழுதியிருந்தாய், பனி விழுவதற்குள் மாற்றச் சொல், அவன் கேட்காவிட்டால் சாவியை எடுத்து மாவு டப்பாவில் ஒளித்து வை. இந்தக் கடிதத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டு. மாடு மோர் கறந்ததற்கும், பாதிரியாரின் பல்லுக்கும், ஆளுநருக்கும் அவன் தாராளமாகச் சிரிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஒரு சின்ன இடத்தில் மட்டும் சிரிக்க வேண்டாம் என்று சொல். நான் கத்தி முடித்து நிற்கும்போது அந்த சாண்ட்விச் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "யாருங்க அது?" என்று கேட்டாள். எனக்கு எத்தனையோ வாயில் வந்தது, மகளே, காக்காய்க் கூட்டம் வந்தது, சிகரெட் வந்தது. "ஓட்டுனவன்" என்று மட்டும் சொன்னேன். அவள் பக்கத்திலிருந்த புருஷனிடம் திரும்பி, "எம்மெட் ஷெல்லியாம், அவருதான் ஓட்டுனவராம்" என்றாள். "ஷிவெலி" என்றேன். "ஷிவெலி" என்றாள். அது நடந்தது.

இப்படிக்கு,
உன் அப்பாவின் தம்பி,
ஓரன் ஷிவெலி