லண்டன் புட்டியில் மாம்பலத்து மாத்திரை

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

கடையைத் திறந்து, மாலை போட்ட உங்கள் படத்துக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு உங்கள் கல்லாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கே உட்கார்ந்தால் எழுந்து ஓட முடியாது என்று நீங்கள் சொல்லவே இல்லையே, ஏன்?

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து சேலை வாங்குகிறவர்களிடமெல்லாம், நம் செல்வியின் வலிப்பு மாத்திரைக்கு அங்கே என்ன விலை என்று விசாரிப்பீர்கள். லண்டனில் காபி குடிக்கிற காசுக்குக் கிடைப்பதை, அதைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனியே இங்கே பட்டுச்சேலை விலைக்கு விற்கிறது என்று தெரிந்ததும், அன்று முழுக்கச் சிடுசிடுத்தீர்கள். பிறகு உங்கள் லண்டன் சினேகிதர், ஊருக்கு வருகிறவர்களிடம் புட்டி கொடுத்தனுப்பத் தொடங்கினார்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு எல்லாம் தலைகீழ். வெளிநாட்டு மருந்தை இங்கேயும் செய்யலாம் என்று சட்டம் மாறி, நம்மூர்க் கம்பெனியே அந்த மருந்தைச் செய்கிறது. லண்டனைவிட இங்கேதான் மலிவு, மாம்பலம் உஸ்மான் ரோட்டிலேயே கிடைக்கிறது. இரண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு என்று டாக்டர் சொல்லியும் மதினி அசையவில்லை.

"நம்ம கடை மலிவுச் சேலையே ரெண்டு தண்ணியில வெளுத்துருது, தம்பி. இம்புட்டு மலிவான மாத்திரைய என் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுதீங்களா?"

விலைக்கேற்ற தரம் என்று சொல்லிச் சொல்லியே வியாபாரம் செய்தவர்கள் நாம்.

தீபாவளிக்குப் பின் லண்டன் புட்டி வரவில்லை. மாத்திரை நின்றால் பிள்ளை விழுந்துவிடுவாளே! காலிப் புட்டியில் உஸ்மான் ரோடு மாத்திரையைப் போட்டு, லண்டனிலிருந்து வந்தது என்று சொல்லி வைத்தேன். செல்விக்கு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. மதினியோ லண்டன் மருந்தின் பெருமையை ஊரெல்லாம் பேசுகிறார்கள். வசமாக மாட்டிக்கொண்டேன், அண்ணே.

செல்விக்குத் தெரிந்துவிட்டது. நேற்று என் காதோரம் வந்து சொன்னாள்: "சித்தப்பா, நீங்க நெரப்புறத பாத்துட்டேன். அம்மாட்ட சொல்லாதீங்க. பயந்து நிறுத்திருவாங்க."

அவள் சொல்வதும் நியாயம்தானே? ஆனால் இன்று காலை கோவில்பட்டியிலிருந்து மதினியின் தங்கை தன் மகளோடு வந்து இறங்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கும் இதே வலிப்பு. அடுப்பங்கரையில் விழுந்து கை வெந்துபோயிருக்கிறது. அந்த ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த இதே நம்மூர் மாத்திரையை வாங்காதே, உனக்கும் லண்டன் புட்டி வரட்டும் என்று மதினிதான் இத்தனை நாள் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் மதினி இனி என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்து எங்கே விழும்?

மதியம் சாப்பிடப் போகும்போது அக்கா தங்கை இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். உங்களைப் போல அதட்டிப் பேச எனக்கு வராது. மதினி காலில் விழுந்தாவது, ரெண்டு பிள்ளைகளையும் இன்றைக்கே மாத்திரை விழுங்க வைப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களுக்குப் பின்னால் பிறந்து, உங்கள் இடத்தில் தவிக்கும்
தம்பி