என்னத்தைக் கழட்டினீங்க?

மார்ச் 3, செவ்வாய்

காரின் வலது கதவில் ஒன்பது துளை போட்டேன். ஒன்பதும் தப்பு.

மச்சினன் அட்டையில் அளவு வெட்டி, ஒவ்வொரு கிளிப்புக்கும் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தான். இடது கதவுக்குக் கச்சிதமாக இருந்தது. அதே அட்டையை வலதுக்குத் திருப்பிப் போட வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கதவின் உள்பக்கத்தை மூடுகிற ரெக்ஸின் பேனல், அதன் முதுகில் இருக்கிற கிளிப் ஒன்றுகூடத் துளையில் உட்காரவில்லை. உட்காராமல் எங்கே போகும் என்று முஷ்டியால் குத்தினேன். மூன்று கிளிப் உடைந்தது. விரல் முட்டி கிழிந்து ரெக்ஸின் எல்லாம் ரத்தம்.

நாலு வருஷமாகப் பின்கட்டு ஷெட்டில் நாங்கள் இரண்டு பேரும் சொந்தமாகக் கட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார். அடுத்த மாதம் சாலைச் சோதனை. பேனல் மட்டும்தான் பாக்கி.

மார்ச் 4, புதன்

“உன் அட்டைதான்டா தப்பு” என்றேன். அவன் அட்டையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். “சரி மாமா, வேற துளை போட்டுக்கலாம்.” அவ்வளவுதான். சீட் தைக்கிறவன், கண்ணாலேயே அளவு சொல்லுவான். அவனுக்கா தெரியாது? தெரிந்தும் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் எரிந்தது. இடுக்கியைச் சுவரில் விட்டெறிந்தேன்.

மார்ச் 7, சனி

எழுத வரவில்லை. 

காலையில் பட்டறையில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்டான்: “பத்து வருஷமா இங்க நீ என்னத்தய்யா கழட்டின?” ஒருத்தன் விடாமல் சிரித்தானுங்க. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வேறு துளை போட்டு மாட்டியும் பேனல் ஒரு பக்கம் உப்பியிருந்தது. கழற்றி மாட்டலாம் என்றான் மச்சினன். அவன் உள்ளே சீட்டில் உட்கார்ந்து முன்பக்கத்து கிளிப்புகளை நெம்பினான். நான் வெளியே நின்று பின்பக்கம். அவன் குனிந்தபடியே கேட்டான்: “மாமா, நீங்க என்னத்தைக் கழட்டினீங்க இதுவரைக்கும்?”

இவனுமா? என் வீட்டுலயே, என் சோத்தத் தின்னுட்டு இவனுமா?

கதவை அறைந்து சாத்தினேன். அவன் வலது கை கதவுத் தூணில் இருந்தது. பார்த்தேனா? பார்த்தேன். பொய் எழுத மாட்டேன். பேனல் விலகியிருந்த வெறும் தகர விளிம்பு, கத்தி மாதிரி. அவன் கத்தவில்லை. “அக்கா” என்று மட்டும் ஒரு தரம் சொன்னான்.

மார்ச் 8, ஞாயிறு

ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நரம்பு அறுந்துவிட்டது. பதினாலு தையல். மடங்குமா என்று டாக்டர் இப்போது சொல்ல மாட்டாராம். ஊசி பிடிக்கிற விரல்கள்.

“என் தம்பி கைய என்னன்னு நினைச்சீங்க, தகரம்னா? இன்னைக்கு அவன், நாளைக்கு நானா?” என்றாள் மனைவி. துணிமணியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 9

அடுப்புப் பத்த வைக்கல.

மார்ச் 12, வியாழன்

போன் பண்ணினாள். “எதுக்குக் கதவ அறைஞ்சீங்கன்னு அவனுக்கு இன்னும் புரியல” என்றாள். அவன் கேட்டதை அப்படியே சொன்னேன்.  “அட பாவி மனுஷா! அவன் கிளிப்பைக் கேட்டிருக்கான். எந்தெந்த கிளிப்பைக் கழட்டினீங்கன்னு கேட்டிருக்கான்” என்றாள்.

நாலு. பின்பக்கம் நாலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எனக்குன்னே சொல்லிவச்சுட்டுப் போயிருக்கானுங்க. பெரிய சுத்தியல எடுத்து அந்தக் கதவ அடிச்சேன். கண்ணாடி போச்சு, பூட்டு போச்சு, தோள்பட்டை கழண்டுக்கும்போல வலிக்கிற வரைக்கும் அடிச்சேன். கதவு என்னய்யா பண்ணுச்சு?

ஏப்ரல் 5, ஞாயிறு

சோதனைத் தேதி போய்விட்டது. போகட்டும். கதவை நிமிர்த்தித் தகரம் மாற்றினேன். அட்டையைத் திருப்பிப் போட்டு ஒன்பது துளை. பேனலைக் கையால் அழுத்தினாலே உட்கார்ந்தது. அவமானமாக இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சீட் தைக்க ஷெட்டில் போட்டிருந்த தன் தையல் மிஷினை எடுத்துப் போக மச்சினன் வந்தான். கூடவே மனைவியும் வந்து ஷெட் வாசலில் நின்றாள். வீட்டுக்கு வந்துவிடு என்று இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

அவன் வலது கதவைச் சுற்றி வந்தான். இரண்டு விரலும் மடங்காமல் குச்சியாக நிற்கின்றன. விளிம்பை இடது கையால் தடவி, “நல்லா உக்காந்திருக்கு மாமா. கழண்டு வருதா?” என்றான்.

“வருதே, இப்பப் பாரு” என்று, மேல் விளிம்பைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன்.

இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டான். ஆறடி ஆள்.

கையை இறக்கிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“வாடா, நம்ம வீட்டுக்குப் போலாம்” என்றாள் அவனிடம்.