தொட்டி மண்ணில் உப்பு

றக்வான, 1927 ஆகஸ்ட் 9

வழக்கறிஞனான எனக்குக் கட்சிக்காரரான தோட்டத் துரையின் பங்களாவுக்குச் சென்றேன். ஸ்கொத்லாந்திலிருந்து தொட்டியோடு வந்த ஸ்புரூஸ் மரம். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு அலங்கரிக்க வைத்திருப்பது. அதன் ஊசியிலைகள் நிறம் மாறிவிட்டன. பங்களாத் தோட்டக்காரன் யேசுதாசன் நஞ்சிட்டான் என்பது துரையின் கட்சி.

"அவன் விஷம் போட்டான். கேஸ் போடு. லயத்து வீட்டை விட்டு வெரட்டு."

மரத்தை ஆராயாமல் வழக்குத் தொடுப்பதற்கில்லை என்றேன்.

வீட்டில் என் மனைவி ஸுபைதா, "இப்ப மரத்துக்கும் நீங்கதானா புறக்டர்?" என்றாள். மரம் என் கட்சிக்காரர் அல்ல என்று திருத்தினேன்.

ஆகஸ்ட் 11

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பூச்சி இல்லை. நிறமாற்றம் ஒன்றல்ல, இரண்டு. உட்கிளைகளின் பழைய ஊசிகள் முழுதும் மஞ்சள். வெளிக்கிளைகளின் புது ஊசிகளில் நுனி மட்டும் கருகல். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு. நாவில் வைத்தேன் — உப்பு.

துரையிடம் சொன்னால் யேசுதாசனுக்குச் சிறை. சொல்லாதிருக்க எனக்கு உரிமை உண்டா?

ஆகஸ்ட் 12

யேசுதாசன் தனக்கு எதுவும் தெரியாது என்றான். அவன் மனைவி மரியாயி குறுக்கிட்டாள்.

"நான்தாங்க போட்டேன். மாதா கோயில் சாமியார் குடுத்த மந்திரிச்ச உப்புங்க."

"எதற்கு?"

"எலை மஞ்சளாச்சுங்க. மரம் செத்தா இவரை வெரட்டிடுவேன்னு தொரை சொன்னாரு. நல்லாகட்டும்னுதான்…"

"போட்ட பிறகுதானே கருகியது?"

"அதாங்க, இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14

துரையிடம் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். மஞ்சளுக்குக் காரணம் இந்நாட்டு வெக்கை. கருகலுக்குக் காரணம் உப்பு. தாங்கள் மிரட்டியது மஞ்சளைக் கண்டு. உப்பு விழுந்தது மிரட்டலுக்குப் பின். மரம் பிழைக்க வேண்டும் என்றே இடப்பட்டது. கெடுக்கும் எண்ணம் இல்லாததால் வழக்கு நிற்காது. தொடுத்தால், உப்பிட்ட காரணத்தை நீதவான் கேட்பார். அப்போது தங்கள் பெயர் வரும்.

துரை சுருட்டை அணைத்தார்.

"உப்பு நிப்பாட்டச் சொல்லு."

மண்ணை நீர்விட்டு அலசி, தொட்டியை நிழலில் வைக்கும் பொறுப்பு யேசுதாசனுக்கே தரப்பட்டது.

ஆகஸ்ட் 15

இனி உப்புப் போடக் கூடாது என்று மரியாயியிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாளா என்பது வேறு கேள்வி.

டிசம்பர் 3

கிளை நுனிகளில் பச்சைத் தளிர். அலசியதன் பலன் என்கிறார் துரை. யேசுதாசன் வேலையில் இருக்கிறான்.

மாலையில் மரியாயி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"மந்திரிச்ச உப்பு வேலை செய்யக் கொஞ்சம் நாளாகுமுங்க, ஐயா. ஒங்க வீட்டு ரோசாவும் வாடிக் கெடக்கே."

நன்றி கூறி வாங்கிக்கொண்டேன். ரோசாத் தொட்டியை மாடிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.