பாரிஸ் பெர்னாரின் பின்னூட்டங்கள்

எந்த விலாசமும் இல்லாமல் போய்விட்ட என் தேவாண்ணனுக்கு,

உன்னால் நாற்பது பெண்கள் ஒரு கோடைக்காலம் முழுக்க மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட்டுக் களைத்துவிட்டேன். நடந்தது இதுதான் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். செத்தவர்களுக்கு எழுதும்போது நல்லதில் தொடங்க வேண்டும் என்பார்கள். நல்லது வரும்போது வரட்டும்.

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு சமையற்கட்டில் போய் நிற்கிறாள். கடலூர் சாலையில் அந்த பஸ் இடித்த உன் பைக் இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் கிடக்கிறது. அப்பா போய்ப் போய்த் திரும்பி வருகிறார். மழை ஆரம்பித்துவிட்டது. உப்பளம் வாய்க்கால் நாறுகிறது. புதிதாக ஒன்றுமில்லை.

என் வலைப்பதிவில் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேவா என் அண்ணன். புதுச்சேரி உப்பளத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தான். நான் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். வேலை முடிந்ததும் அங்கே போய், ஓரமாக ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் பதிவுகளை அடிப்பேன். போன வருஷம்தான் வலைப்பதிவு ஆரம்பித்தேன். இந்த ஊரில் யாரும் எழுதாததை எழுத வேண்டும் என்று ஆரம்பித்தேன். யாரும் படிக்கவும் இல்லை.

புதிதாக எழுத வந்தவர்களுக்கு இது தெரியும். பதிவின் அடியில் ‘0 பின்னூட்டங்கள்’ என்று இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே சைபர். எல்லோருடைய பதிவுகளையும் வரிசையாகக் காட்டும் திரட்டியில் நம் தலைப்பு மெல்லக் கீழே இறங்கி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். யாராவது ஒரு பின்னூட்டம் போட்டால்தான் மறுபடி மேலே வரும். அதனால் எல்லோரும் மொய் எழுதுவது போல எழுதுவார்கள். நான் உனக்குப் போட்டேன், நீ எனக்குப் போடு. நானும் வீடு வீடாகப் போனேன். படிக்காமலே ‘அருமை, அப்படியே என் பக்கமும் வாங்க’ என்று எத்தனை இடத்தில் எழுதியிருப்பேன். சிலர் வந்தார்கள். ‘மீ த ஃபர்ஸ்ட்’ என்று போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் வந்ததற்கு அவர்களுக்கு ஒரு சந்தோஷம். எதற்கு முதலில் வந்தோம் என்று பார்க்கவில்லை.

ஒருநாள் நீ என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாய்.

“இன்னாடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“யாரும் படிக்கலண்ணா.”

“படிச்சிட்டு சும்மா போயிருப்பாங்க. கடைக்கு வர்றவன்லாம் வாங்கிட்டா போறான்?”

“நீ படிச்சியா?”

“எனக்கு எங்கடி நேரம். நாளைக்கு பாரு, கூட்டம் வரும்.”

கூட்டம் வந்தது. துபாயிலிருந்து சங்கர் என்று ஒரு என்ஜினியர் வந்தார். திருநெல்வேலியிலிருந்து வாசுகி டீச்சர் வந்தார். பிறகு பாரிஸ் பெர்னார் வந்தார். உப்பளத்தில் பிறந்து சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போய்விட்டவராம். ‘சலூ அமுதா’ என்று வணக்கம் சொல்லி ஆரம்பித்து ‘போன் குராழ்’ என்று முடிப்பார். தைரியமாக இரு என்று அர்த்தம் என்று அவரே ஒருமுறை எழுதியிருந்தார். நான் என்ன எழுதினாலும் மூன்று பேரும் வந்துவிடுவார்கள். ஆபீசில் மேனேஜர் கத்தும்போதுகூட, துபாயில் ஒருவர் என்னைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு நடை மாறியது. எழுத்தில் ஒரு தெம்பு வந்தது. நீதான் பார்த்தாயே.

அந்தத் தெம்பில்தான் மல்லிகாக்காவைப் பற்றி எழுதினேன். நம் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அதே மல்லிகாக்காதான். விடியும் முன்னே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, மத்தியானம் வரை மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்று, மிச்சத்தைத் தெருவில் விற்கிறவர். எந்த மார்க்கெட் என்று எழுத வேண்டாம் என்று அங்கே மீன் விற்கிற நாற்பது பெண்களும் சொல்லிவிட்டார்கள். அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறது. ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். அன்றைக்கே பூட்டினார்கள். ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. இவர்கள் விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்காருகிறார்கள். வீட்டுக்குப் போய்த்தான் எல்லாம்.

அந்தப் பதிவுக்கு அந்த மூன்று பேரைத் தவிர வேறு ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. ‘நல்ல பதிவு, தொடருங்கள்.’ எதைத் தொடர வேண்டும்? பூட்டையா?

ஆனால் பெர்னார் எழுதினார். நீளமாக எழுதினார். பாரிசில் ஒரு பத்திரிகைக்காரரைத் தெரியும், இந்த விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கிறேன், அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தால் புதுச்சேரியில் பூட்டு தானாகத் திறக்கும், கொஞ்சம் பொறுங்கள் என்று எழுதினார்.

நான் அதை மல்லிகாக்காவிடம் சொன்னேன். அவர் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“பாரிசுலேருந்தா? எங்கள பத்தியா?”

“ஆமாக்கா.”

“அப்ப திங்கக்கிழம முனிசிபாலிட்டி ஆபீசு முன்னாடி போய் உக்காரலாம்னு பேசி வெச்சோமே, அது?”

“கொஞ்சம் பொறுங்கக்கா. அவரு சொல்லியிருக்காரு.”

அவர்கள் கூடையோடு போய் ஆபீஸ் வாசலில் உட்காருவதாக இருந்தார்கள். நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்த மாட்டார்கள்? இந்த ஊரில் வளர்ந்தவர்கள்தானே. நம் எதிர்வீட்டுக்கு பிரெஞ்சு கான்சுலேட்டிலிருந்து ஒரு கவர் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள வீடு ஒரு வரிசை, நம் வீடு இன்னொரு வரிசை. நாற்பது பெண்கள் வாய்விட்டுச் சொன்னால் புகார். பாரிசிலிருந்து ஒருவன் சொன்னால் செய்தி. அவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கில் தப்பில்லை. ஆள்தான் இல்லை.

ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. தெருவில் பார்க்கும்போதெல்லாம் மல்லிகாக்கா கேட்பார், “இன்னா சொல்றாரு உங்க பாரிசுக்காரரு?” நான் பெர்னாரிடம் கேட்பேன். ‘பேசிக்கொண்டிருக்கிறேன், போன் குராழ்’ என்று வரும். ஜூனில் மல்லிகாக்காவுக்குக் காய்ச்சல் வந்து நடுங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் மூத்திரத் தொற்று என்றார்கள். மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். “குடிக்கலாம்மா, எங்க போறது?” என்று டாக்டரையே கேட்டிருக்கிறார். நான் இதை வீட்டில் சொன்னபோது நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கை கழுவிவிட்டு வெளியே போனாய்.

அடுத்த மாதம் நீயே போய்விட்டாய்.

ஒரு மாதம் எதுவும் எழுதவில்லை. பிறகு உன்னைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். துபாய் சங்கர் வரவில்லை. வாசுகி டீச்சர் வரவில்லை. என் அண்ணன் செத்ததற்கு பெர்னார் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. மனிதர்களா இவர்கள் என்று நினைத்தேன். மறுபடி சைபர்.

உன் முதலாளி அந்துவானைப் போய்ப் பார்த்தேன். பிரெஞ்சு தெரிந்தவர் என்பதால் தெருவே அவரை முசே, அதாவது ஐயா, என்று கூப்பிடும், நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய். உன் சட்டை ஒன்று அங்கே ஆணியில் மாட்டியிருந்தது, வாங்கப் போனேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், “முசே, நம்ம உப்பளத்துக்காரர் பெர்னார்னு ஒருத்தர், பாரிசுல இருக்காரு. தினம் எழுதுவாரு. இப்ப ஆளையே காணோம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“உனக்குத் தெரியாதா அமுதா?”

“என்ன?”

“தேவா எங்கிட்டதான பிரெஞ்சு கேட்டு கேட்டு எழுதுவான். ‘முசே, தைரியமா இருன்னு எப்படி சொல்றது?’ம்பான். ‘போன் குராழ்’னு சொன்னேன். ஒரு கஸ்டமர் எழுந்து போயி இன்னொரு கஸ்டமர் வர்றதுக்குள்ள தட்டிடுவான். அஞ்சு நிமிஷம். அப்புறம் துபாய்க்காரனா மாறுவான். நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சிரிப்பு நின்றுபோனது. “உன்னப் பாத்து சிரிக்கலம்மா. தங்கச்சி இன்னிக்கு சிரிச்சிட்டுப் போனா முசேன்னு சொல்லுவான். அதுக்குத்தான்.”

நான் சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான்கு நாள் மல்லிகாக்கா குரல் தெருவில் கேட்டால் வீட்டுக்குள் போய்விட்டேன். ஐந்தாம் நாள் மார்க்கெட்டுக்கே போனேன். அவர் ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் காசியம்மா, அவரும் மீன் விற்கிறவர், உட்கார்ந்திருந்தார்.

“பாரிசுல அப்படி ஒரு ஆளே இல்லக்கா. எங்கண்ணன்தான் எழுதினான்.”

கத்தி நிற்கவில்லை. துண்டு போட்டு முடித்து, எடை போட்டு, வாங்க வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

“செத்துப் போன புள்ளைய திட்டக் கூடாது. அதனால உன்ன திட்டறேன். இங்க உப்பளத்துல உக்காந்துகினு பாரிசுலேருந்து பேசினானா? நல்லா இருக்குதுடி உங்க கம்ப்யூட்டரு.”

காசியம்மா அவரைப் பார்த்துக் கேட்டார், “நீதானடி மொதல்ல தலயாட்டுன? பாரிசுன்னதும் புதுப் பொடவ கட்டிகினு வந்தியே, போட்டோ எடுப்பாங்கன்னு.”

“ஆமா, கட்டினேன். நீ பவுடர் போட்டுகினு வரல?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. மல்லிகாக்கா ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, “உக்காரு, வழியில நிக்காத, யாவாரம் கெடுது” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவர்கள் ஆபீஸ் வாசலில் கூடைகளோடு போய் உட்கார்ந்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். சாவி கான்ட்ராக்டரிடம் இருக்கிறது என்றார் ஆபீசர். சாவி ஆபீசில்தான் இருக்கிறது என்றார் கான்ட்ராக்டர். மீன் நாற ஆரம்பித்ததும் சாவி கிடைத்தது. கதவு இப்போது திறந்திருக்கிறது. உள்ளே குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. வீட்டிலிருந்து குடத்தில் எடுத்துப் போகிறார்கள். ஜெயித்தோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஏப்ரலிலேயே போய் உட்கார்ந்திருந்தால் ஏப்ரலிலேயே கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும், அண்ணா. முசே சொல்லாவிட்டாலும் தெரியும். நான் சைபரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உன்னால் பார்க்க முடியவில்லை. அந்த அன்புக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் உன்னை நினைக்க வேண்டியிருக்கிறது. அது களைப்பாக இருக்கிறது. அழுது முடிக்கவும் முடியவில்லை, திட்டி முடிக்கவும் முடியவில்லை.

ஒன்றைச் சத்தியம் செய்கிறேன். யாரோ வருவார் என்று சொல்லி இனி யாரையும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். படிக்காத பதிவுக்கு ‘அருமை’ என்றும் எழுத மாட்டேன். புதிதாக எழுத வருகிறவர்கள் சைபரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முழுக்கப் படித்துவிட்டு, என் பேரில், தோன்றியதைச் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் அதையும்.

இப்போது நீ சொல். மூன்று பேர் பேரில் நீ எனக்கு எழுதியது எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் படித்தேன். சூப்பர், கலக்கல், தொடருங்கள். அஞ்சு நிமிஷத்தில் தட்டியவைதான். ஆனால் அந்த மீன் மார்க்கெட் பதிவுக்கு வாசுகி டீச்சர் ஒன்று கேட்டிருக்கிறார். ‘பாவப்பட்ட பெண்கள் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களிடம் அப்படிச் சொன்னார்களா?’ நான் மூன்றையும் எடுத்தேன். பதிவு நிமிர்ந்து நின்றது. இத்தனை நாளில் என் எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். வரிவரியாகப் படிக்காதவனுக்கு அந்தக் கேள்வி வராது. ஒருவேளை அந்த டீச்சர் நிஜமாகவே எங்கோ இருக்கிறாரோ? முசேவுக்குத் தெரியவில்லை. பெர்னாரும் துபாய்க்காரனும்தான் அவருக்குத் தெரியும்.

நீ படித்திருந்தால், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அதை என்னால் மன்னிக்க முடியாது. நீ படிக்கவில்லை என்றால், அந்த டீச்சரைத் தவிர எனக்கு ஒரு வாசகன்கூட இருந்ததில்லை. எது என்றாலும் தாங்கிக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சங்கராக வேண்டாம், பெர்னாராக வேண்டாம். தேவாவாக, உன் சொந்தப் பேரைப் போட்டுச் சொல். படித்தாயா?

உன் தங்கச்சி,
அமுதா