பவானிக்கு நாம் பழக்கிய பேச்சு

அக்கா,

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று காலை மிளகாயையும் மல்லியையும் கருகக் கருக வறுத்தார்கள். நெடி தொண்டையில் ஏறியது. இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தப் போனவள், சாத்தாமல் நின்றுவிட்டேன். நம் கல்லூரி விடுதிச் சமையலறையில் நம் மாணவி பவானி இப்படித்தான் வறுப்பாள். "யாழ்ப்பாணத்துத் தூள் எண்டா இந்த நிறம் வரவேணும் மிஸ்" என்பாள். "போதும்டி, பட்டாளம் ஓடிவந்துடப் போவுது" என்று நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். ஆவடியில் பட்டாளத்துக்கா பஞ்சம்.

முன்னாள் பிரதமர் கொலையான தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் கோடைக்குப் பிறகு இலங்கைப் பிள்ளைகளுக்கு யாரும் வீடு தரவில்லை. பஸ்ஸில் அவர்கள் வாய் திறந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார். "எதுக்கும்மா வம்பு, அனுப்பிடுங்க" என்றார் கல்லூரி முதல்வர். விடுதி வார்டன் நீங்கள், "எங்க சார் அனுப்பறது?" என்று கேட்டீர்கள். பவானி முறையாகப் பதிந்த அகதி, அட்டையும் வைத்திருந்தாள். ஆனாலும் அவளைத் தனியாக வெளியே அனுப்ப நாம் பயந்தோம்.

அப்போதுதான் உங்களுக்கு அந்த யோசனை வந்தது. மாலைதோறும் உங்கள் அறையில் மெட்ராஸ் பாஷை வகுப்பு. பகலெல்லாம் இயற்பியலைச் செந்தமிழில் நடத்துகிற நீங்கள், காலை மடக்கி உட்கார்ந்து, "ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன். சொல்லுடி, நாக்கைக் கொஞ்சம் சோம்பேறியா வுடு" என்பீர்கள். ஆமாம் என்பதற்கு அவள் ஊர் வழக்கப்படி 'ஓம்' என்றால் தலையில் ஒரு குட்டு. நான் சிரித்துப் புரைக்கேறிக் கிடப்பேன். கொஞ்ச நாளில் அவள் கீரைக்காரரிடம் "இன்னா அண்ணாத்தே, கட்டு இத்துனூண்டு கீது" என்று சண்டை போட்டாள். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மூவரும் அம்பத்தூரில் துணி எடுத்துவிட்டு ரயிலில் திரும்பினோம். ஆவடி ஸ்டேஷன் வாசலில் போலீஸ் சோதனை. ஒரு போலீஸ்காரர் பவானியை நிறுத்தினார்.

"எந்த ஊரும்மா?"

"கோயில்பதாகை சார். ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன்."

ஒரு பிசிறு இல்லை. நீங்கள் பெருமையோடு என் கையைக் கிள்ளினீர்கள். அவர் பவானியின் பையைத் திறந்தார். அகதி அட்டை மேலேயே இருந்தது.

"சிலோன்னு சொல்லியிருந்தா அட்டையைப் பாத்துட்டு வுட்டிருப்பேன். இந்த ஊர்க்காரி மாதிரி பேச எதுக்குப் பழகின?"

"நான்தான் சார் பழக்கினேன்" என்றீர்கள்.

"டீச்சரம்மா, நீங்க ஒதுங்குங்க."

ஜீப்பில் ஏற்றும்போது பவானிக்குச் சொந்தப் பேச்சு வந்துவிட்டது. "நான் ஒரு பிழையும் செய்யேல்லை மிஸ்." சுற்றி நின்றவர்கள் அதைக் கேட்டு இன்னும் ஓரடி தள்ளி நின்றார்கள். எனக்கு இன்றைக்கும் அவர்கள்மேல் ஆத்திரம் தீரவில்லை.

நீங்கள் டிபன் கேரியரோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினீர்கள். உள்ளே விடவில்லை. பிறகு ஒருநாள் அவளை இலங்கைக்கே கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பின் அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "ஓம்னே பேசட்டும்னு வுட்டிருக்கலாமோ?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என்னைக் கேட்டீர்கள். நல்லதை நினைத்துத்தானே செய்தோம் என்றேன். அந்தச் சமாதானம் உங்களுக்கும் உதவவில்லை, எனக்கும் உதவவில்லை.

நீங்கள் போன பிறகு வார்டன் நான்தான். சில வருடங்கள் சேர்க்காமல் இருந்துவிட்டு, இப்போது மறுபடியும் அகதிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஜூன் மாதம் மன்னார்ப் பெண் ஒருத்தி வந்தாள். முதல் நாளே கேட்டாள்: "மிஸ், வெளியில எப்பிடிக் கதைக்கிறது? உங்கட மாதிரியோ, எங்கட மாதிரியோ?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொங்கலும் வந்துவிட்டது. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தினமும் யோசிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அவள் பாவம், எனக்காகக் காத்திருக்கவில்லை. விடுதி வாசலைத் தாண்டினால் வாயே திறப்பதில்லை. கடையில் கைகாட்டி வாங்குகிறாள். ஊமைப் பெண்ணா என்று கடைக்காரர் இரக்கப்பட்டு விசாரித்தார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், அக்கா.