அடைத்த வீட்டில் சாம்பிராணி

5.7.2025, சனி

இன்று பிளாட்டுக்குக் கீழே கூட்டம். வந்திருந்தவர்கள்: கமிட்டித் தலைவர் அழகேசன், கம்பெனி எஞ்சினியர் எர்னஸ்ட், மூன்றாம் மாடி குணவதி, சுங்கை பட்டாணியிலிருந்து வந்த என் மகன் சசிதரன், ஒன்பது மாத வயிற்றோடு என் பேத்தி காஞ்சனா, நான். மற்ற வீட்டுக்காரர்கள் இருபது பேர் இருக்கும். 'நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது' என்று நாளைக்கு யாரும் புளுகக்கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

கட்டடம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றப் போகிறார்களாம். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சு, காற்றுப் புகாத புது ஜன்னல். ஜன்னலுக்கு மேலே இருக்கும் ஓட்டைக் கற்களை நுரை அடித்து அடைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு காற்று மாற்றும் காத்தாடி. சூடு குறையும், கரண்டும் குறையும் என்றார் எர்னஸ்ட்.

நான் எழுந்து, "அந்த ஓட்டய எதுக்கு வச்சான்? வீடு மூச்சு வுடத்தானே?" என்று கேட்டேன்.

"பாட்டி இன்னும் எஸ்டேட் லயத்து வீட்டுலயே இருக்காங்க லா" என்றான் அழகேசன். இருபது பேரும் சிரித்தார்கள். பைப்பில் தண்ணீர் நின்ற வருடம், லாரி வரிசையில் என் வாளியை எடுத்துப் பின்னால் வைத்தவன் இவன். நீல வாளி. அன்றும் இதே சிரிப்பு.

கையெழுத்துப் போடும் சுராட், அந்தத் தாள், மலாயில் இருந்தது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். சசி வாசித்துப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிக்கிற சுராட்தாம்மா, போடுங்க" என்றான். அவன் விரல் வைத்த இடத்தில் போட்டேன்.

14.7.2025

கூரை வேலை முடிந்தது. நாங்கள் நான்காம் மாடி, கூரைக்கு நேர் கீழே. பதினெட்டு வருடமாக மதியத்தில் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தவள் நான். இன்று துணியில்லாமல் தூங்கிவிட்டேன். அழகேசனிடம் சொல்ல மாட்டேன்.

20.7.2025

புது ஜன்னல் வந்துவிட்டது. ஓட்டைக் கற்களில் மஞ்சள் நுரை. சாலையில் போகிற பீடோங் பஸ் சத்தம்கூடக் கேட்கவில்லை. காத்தாடி எங்கே என்று கேட்டால் சாமான் வரவில்லையாம், அடுத்த மாதமாம். உலையை வைத்துவிட்டு அரிசி வாங்கக் கிளம்பின கதை.

24.7.2025

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். காஞ்சனாவின் அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும். என் மகள் போய் ஒன்பது வருடம், இரண்டு மாதம்.

27.7.2025

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காஞ்சனாவின் புருஷன் வேலைக்குப் பினாங்குக்குத் திரும்பிவிட்டான், இனி எல்லாம் நான்தான். பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் காற்று படக்கூடாது. ஜன்னல் ஒன்று விடாமல் சாத்தினேன். குழந்தையைக் குளிப்பாட்டி, தணலில் சாம்பிராணி போட்டு, புகையில் காட்டித் தலை காயவைத்தேன். தாய்க்கும் அப்படியே. நான் பெற்ற நாலுக்கும் செய்தது, காஞ்சனாவுக்கும் செய்தது.

முன்பெல்லாம் புகை மேலே ஏறிக் கல் வழியாகப் போய்விடும். இப்போது அறையிலேயே நிற்கிறது. மணம் தங்குகிறது, நல்லதுதான். சட்டி எரிந்துகொண்டிருக்கும்போதே சசி வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனான்.

29.7.2025

காஞ்சனாவுக்குத் தலைவலி. இரண்டு முறை வாந்தி. பத்தியத்தில் ஏதாவது தப்பு விட்டேனா? பூண்டு, மிளகு, கருவாடு — எல்லாம் சரியாகத்தானே கொடுத்தேன்.

30.7.2025

குழந்தை பாலுக்கு எழவில்லை. பாதத்தைச் சுண்டினால் கண் திறக்கிறது, உடனே மூடிக்கொள்கிறது. எனக்கும் தலை சுற்றுகிறது, வயசு என்று விட்டுவிட்டேன். நேற்று குணவதி வந்து "பொம்ம மாதிரி இருக்கு புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும்.

உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். சாம்பிராணியை இரண்டு வேளையாக்கினேன்.

1.8.2025, வெள்ளி

வீடு இப்போது குளிர்ச்சி. பிள்ளைக்குச் சூடு வேண்டாமா? தணல் சட்டியை வெளியே எடுக்காமல் தொட்டில் பக்கத்திலேயே வைத்தேன். கரியும் கூடப் போட்டேன்.

2.8.2025

பிள்ளை இன்று அழவே இல்லை. அழாத பிள்ளையை யாராவது பெற்றதுண்டா? முருகா.

3.8.2025

காலை பத்து மணிக்கு கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி நளினி, குழந்தையைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றாள். சட்டியைப் பார்த்தாள், மேலே நுரையைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உள்ளே போய் ஜன்னலை எல்லாம் திறந்தாள்.

"பாட்டி, தணல வெளிய கொண்டு போங்க. இப்பவே."

கத்தவில்லை. அதனால்தான் பயந்தேன். சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன், தணல் நடையில் கொட்டிவிட்டது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். காஞ்சனாவால் நடக்க முடியவில்லை. குணவதிதான் மேலே ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். குணவதிதான்.

4.8.2025

ஆஸ்பத்திரி. இருவருக்கும் ஆக்சிஜன். கரி எரியும்போது வரும் காற்று, கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வாசமும் கிடையாது என்றார் டாக்டர். திறந்த வீட்டில் கலைந்து போகும், அடைத்த வீட்டில் ஆளைக் கொல்லும். யார் மூட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். என் கைதான்.

காஞ்சனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

5.8.2025

மதியம் மூன்றேகாலுக்கு அழுதது. வார்டே திரும்பிப் பார்த்தது.

8.8.2025, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. ஒரு வருடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், வளர்ச்சி சரியா என்று பார்க்க.

அழகேசனும் எர்னஸ்டும் வந்து, காத்தாடி வரும் வரைக்கும் என்று எங்கள் நுரையைக் குடைந்து எடுத்தார்கள். எதையும் அடைக்கும் முன்னே காத்தாடியை மாட்டியிருக்க வேண்டும் என்று எர்னஸ்ட் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தாளிலேயே எழுதியிருந்ததாம்: காத்தாடி வரும்வரை வீட்டுக்குள் எதையும் எரிக்காதே, தினமும் ஜன்னலைத் திற. நான் கையெழுத்துப் போட்ட அதே தாள்.

அழகேசன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கணும் பாட்டி. எங்க தப்பு" என்றான். தேத்தண்ணி கலந்து கொடுத்தேன்.

9.8.2025

சசி வந்தான். அன்றைக்கு அந்த வரியை வாசித்தாயா என்று கேட்டேன்.

"வாசிச்சேம்மா."

ஏன் சொல்லவில்லை?

"சொன்னா நீங்க அங்கேயே சண்ட போடுவீங்க. கையெழுத்தும் போட மாட்டீங்க. அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன்... மறந்துட்டேன்."

சண்டை போட்டிருப்பேன். உண்மைதான். சண்டை போட்டிருந்தால் என்ன? தொண்டை கிழியக் கத்தியிருப்பேன், நாலு பேர் சிரித்திருப்பார்கள், ஆனால் தெரிந்திருக்குமே. சாம்பிராணியைக் கையிலே தொட்டிருப்பேனா நான்? ரெண்டு முறை வந்து போனான், அந்தச் சட்டி எரிகிறதைப் பார்த்துக்கிட்டுத்தானே பிள்ளையைக் கொஞ்சினான். அப்போகூட ஞாபகம் வரலியா?

30.8.2025, சனி

காத்தாடி மாட்டிவிட்டார்கள். நுரையைத் திரும்ப அடித்தாயிற்று. சின்னதாக ஒரு இரைச்சல், அவ்வளவுதான். வீடு குளிர்ச்சியாக இருக்கிறது, மூச்சும் விடுகிறது. வேலை நல்ல வேலைதான், எழுதி வைக்கிறேன்.

காலையில் காஞ்சனா பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள், குளிப்பாட்டச் சொல்லி. துண்டால் துவட்டித் தலை காயவைத்தேன். குணவதியிடம் போய், உன் கண் பட்டது என்று நினைத்தேன், தப்பு என்று சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். அழகேசனை விட்டுவிட்டேன். எர்னஸ்டையும்.

மதியம் சசி சாப்பிட வந்தான். மீன் குழம்பு ஊற்றினேன், நடுத்துண்டாகப் பார்த்து வைத்தேன். "இன்னும் கோவமாம்மா?" என்று கேட்டான். சாப்பிடு என்றேன். அடுத்த சனிக்கிழமையும் வருவான், அன்றும் சோறு போடுவேன்.

இவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். சசிதரன், என் மகன்.